ஒழிவும் ஒழுங்கும்

இல்லாத பொருள் இல்லை என்னும்படி நிறைந்த வீட்டில், வேண்டும்பொழுது வேண்டிய பொருள் கிடைப்பதில்லை. நம் காலத்து இல்லங்கள் பலவற்றின் நிலை இதுவே. தேர்வு நாள் காலையில் நுழைவுச்சீட்டைத் தேடும் மாணவன், மருத்துவமனைக்குப் புறப்படும் வேளையில் பழைய மருந்துச்சீட்டைத் தேடும் முதியவர், வட்டாட்சியர் அலுவலகம் செல்லும் நாளில் பட்டாவைத் தேடும் உழவர் ஆகிய மூவரும் ஒரே துன்பத்தையே நுகர்கின்றனர். அவர்களிடம் பொருள் இல்லாமல் இல்லை. பொருளுக்கு இடந்தான் இல்லை.

இல்லத்தையும் அன்றாட வாழ்வையும் ஒழுங்குசெய்யும் நெறிகளை, கள்ளக்குறிச்சி வட்டாரத்தையும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம். வீட்டைக் கூட்டிப் பெருக்கி அடுக்கும் செய்தி தமிழ்த்துறை மலருக்கு ஏற்றதா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். நம் அன்னையர் நாள்தோறும் ஓசையின்றிச் செய்து முடிக்கும் இப்பணிக்குள் சொல்லாராய்ச்சியும் அறவியலும் பொதிந்து கிடக்கின்றன என்பதே நம் விடை.

சொல்லும் பொருளும்

‘ஒழித்தல்’ என்னும் சொல்லை இன்று நாம் பெரும்பாலும் அழித்தல் என்னும் பொருளிலேயே ஆள்கிறோம். வறுமை ஒழிப்பு, கொசு ஒழிப்பு என்பன காண்க. ஆயினும் வீட்டு வழக்கில் அச்சொல்லுக்கு மென்மையான மற்றொரு பொருள் உண்டு. ‘விருந்தினர் வருகிறார்கள்; அந்த அறையை ஒழித்துக் கொடு’ என்னும்போது அறையை அழிக்குமாறு எவரும் கொள்வதில்லை; அங்குள்ளவற்றை எடுத்து இடம் உண்டாக்குமாறே கொள்கின்றனர். ‘கை ஒழியவில்லை’ என்றால் ஓய்வில்லை என்பது பொருள். ‘ஒழிவு’ என்பது வெற்றிடத்தையும் குறிக்கும், ஓய்வையும் குறிக்கும். இடம் ஒழிந்தால் கை ஒழியும் என்னும் உண்மையை ஒரே சொல்லில் வைத்த தமிழரின் நுண்ணறிவு எண்ணி மகிழத்தக்கது.

‘ஒழுங்கு’, ‘ஒழுக்கம்’ ஆகிய சொற்களோ ‘ஒழுகு’ என்பதோடு உறவுடையவை. நீர் தடையின்றி ஓடுவது ஒழுகுதல். வாய்க்காலில் சேறும் செடியும் அடைத்துக்கொண்டால் அணையில் நீர் இருந்தும் கடைமடை வயல் காயும். கோமுகி அணையின் பாசனத்தை நம்பி வாழும் உழவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. வீட்டிலும் அவ்வாறே. பொருள் வந்து, பயன்பட்டு, பின் உரிய இடத்துக்குச் செல்ல வேண்டும். வந்த பொருள் யாவும் தேங்கி நின்றால் வீடு வாய்க்காலாக இராது, குட்டையாகிவிடும்.

அரபு மொழியிலும் இதனோடு ஒப்பிடத்தக்க கருத்தொன்று உண்டு. அநீதியைக் குறிக்கும் ‘ளுல்ம்’ என்னும் சொல்லுக்கு, ஒரு பொருளை அதற்கு உரியதல்லாத இடத்தில் வைத்தல் என அரபுச் சொல்லறிஞர் பொருள் கூறியுள்ளனர். அவ்வாறாயின் பொருளை அதன் இடத்தில் வைத்தல் நீதியின் பாற்படும். வீட்டை ஒழுங்குசெய்தல் அழகுக்காக மட்டும் செய்யும் வேலையன்று, நீதியின் ஒரு சிறு கிளை என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும். பொருளை அதன் இடத்துக்கும், பிறர் பொருளை அவர்தம் கைக்கும், மிகுந்த பொருளைத் தேவையுடையோர்க்கும் சேர்ப்பதே உண்மையான ஒழுங்கு.

மலையூர் காட்டும் பாடம்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இரு பிரிவாக அதை வழங்குவர். அதன் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. வெள்ளிமலை முதலிய ஊர்களைக் கொண்ட பகுதி, விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தொடங்கப்பெற்ற கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்தது. அங்கு வாழும் பழங்குடியினர் ‘மலையாளி’ எனப்படுவர். இப்பெயர் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. மலையை இடமாகக் கொண்டவர் என்னும் பொருளது. அவர்கள் பேசுவது தமிழே. தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பது அவர்தம் வாய்மொழி மரபு.

அம்மலையின் பழைய வீடு சிறியது. மூங்கிற் பிளாச்சுச் சுவர், மண் பூச்சு, புல் வேய்ந்த கூரை, ஓரிரு அறை, அவ்வளவே. அச்சிறு வீட்டில் ஒரு குடும்பத்தின் உணவு, விதை, கருவி, துணி யாவும் அடங்கின. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றைச் சேமிக்கத் ‘தொம்பை’ என்னும் கூடு இருந்தது. மூங்கிலைப் பின்னி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, ஈரமும் எலியும் எட்டாதபடி தரையினின்று உயர்த்திக் கல்லின்மேல் அதை நிறுத்துவர். அடுப்புக்கு மேலே பரண் அமைத்து, புகை படும் இடத்தில் விதைகளைக் காப்பர். புகை படிந்த விதையைப் பூச்சி எளிதில் அண்டாது.

இவ்வமைப்பில் மூன்று விதிகள் அடங்கியுள்ளன. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு என்பது முதல் விதி. இருட்டில் கை நீட்டினாலும் அரிவாள் அதே செருகலில் இருக்கும். விதை வேறு, உணவு வேறு என்பது இரண்டாம் விதி. பசி வந்த நாளிலும் விதைக் குடுக்கையில் கை வைப்பதில்லை. நாளைக்கு உரியதை இன்றைக்கு உரியதோடு கலப்பதில்லை. புதிய விளைச்சல் வருமுன் பழையதை வெளியேற்றிக் கூட்டைத் துப்புரவாக்கி மெழுக வேண்டும் என்பது மூன்றாம் விதி. வெறுமையான தொம்பைதான் புதிய தானியத்தை ஏற்கும்.

வறுமையை எளிமை என்று போற்றுவது நம் நோக்கமன்று. அம்மலை நீண்ட காலம் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. ஊதியமில்லாத உழைப்பை அம்மக்கள் சுமந்தனர். பொருள் குறைவாக இருந்தது அவர்கள் விரும்பி மேற்கொண்ட நோன்பன்று. இருந்த சிறு பொருளையும் இடமறிந்து வைத்த அறிவு மட்டும் அவர்களுடையது. அதைக் கற்க வேண்டியது நம் கடன்.

குவியல் எவ்வாறு தோன்றுகிறது?

மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பகுதிகளின் வீடுகளை நோக்குவோம். நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் மண் இது. திண்ணை, கூடம், முற்றம், பரண், கொல்லை என வகுத்துக் கட்டிய பழைய வீட்டில் அடுக்குப் பானைக்கும் குதிருக்கும் உரலுக்கும் இடம் இருந்தது. இன்று குதிர் இல்லை. நெல் களத்திலிருந்தே விற்பனைக்குச் செல்கிறது. அரிசி மூட்டையாக வருகிறது. எனினும் வீடு முன்னைவிட நிறைந்திருக்கிறது. பரண்மேல் திருமணச் சீராக வந்து அட்டை பிரிக்கப்படாத பாத்திரங்கள். அரசு 2006 முதல் வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி. 2011 முதல் வழங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. கட்டிலுக்கடியில் பழைய செருப்பு, அறுந்த கம்பி, ஐந்து தலைமுறைக் கைபேசி மின்னேற்றிகள். கதவுக்குப் பின்னால் பைக்குள் பை, அதனுள் மற்றொரு பை. 

இவற்றை ஏன் விடமாட்டோம் என்கிறோம்? ஆராய்ந்தால் காரணங்கள் நான்கு புலப்படும். என்றேனும் உதவும் என்னும் எண்ணம் ஒன்று. இறந்தவர் நினைவு, பிள்ளைகளின் இளமை நினைவு என்னும் பாசம் மற்றொன்று. விலை கொடுத்து வாங்கினோமே என்னும் மனக்குறை மூன்றாவது. பொருள் குறைந்தால் பிறர் இளப்பமாக நினைப்பரோ என்னும் நாணம் நான்காவது. இவற்றுள் இரண்டாவது மட்டுமே மதிக்கத்தக்கது. அதற்கும் ஒரு பெட்டி போதும்.

குவியல் இடத்தை மட்டும் உண்பதில்லை. கொல்லையில் கிடக்கும் பழைய டயர், உடைந்த பானை, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் தேங்கும் மழைநீரில்தான் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை நீரைக் கவிழ்த்தல் மருந்தினும் சிறந்தது. அசைக்கப்படாத விறகு அடுக்கும் செங்கல் குவியலும் தேளுக்கும் பாம்புக்கும் இருப்பிடமாகின்றன. ஒழுங்கின்மை உயிரையும் தொடுவது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பெட்டிக்குள் இருக்கும் உரிமை

ஒழுங்கின்மையால் வரும் பேரிழப்பு பாத்திரத்திலோ துணியிலோ இல்லை, தாளில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருந்தும் பயிரிட்டும் வந்த பழங்குடியினர் அந்நிலத்தின்மீது உரிமை கோர வழிவகுத்தது. ஒரு குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் என்பது மேல் வரம்பு. உரிமை கோருவோர் சான்று காட்ட வேண்டும். வாக்காளர் அடையாள அட்டை, குடும்ப அட்டை, வீட்டு வரி இரசீது போன்றவற்றைச் சான்றாக ஏற்கலாம் என அதன் விதிகள் கூறுகின்றன. வீடு, வரப்பு போன்ற நிலையான அடையாளங்களும், எழுத்தில் பதிவுசெய்த மூத்தோர் வாக்குமூலமும் ஏற்கப்படும். இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்ட சான்று தேவை.

எண்ணிப் பார்ப்போம். எவரோ ஒரு பாட்டனார் முப்பது ஆண்டுகளுக்கு முன் செலுத்திய சிறுதொகைக்கான இரசீது, கூரையின் செருகலில் கறையானுக்கு இரையாகாமல் இருந்தால் அது பேரனின் நிலத்துக்குச் சான்று. அது காணாமற்போனால் உழுத நிலமிருந்தும் உரைக்கும் தாளில்லை. பெற்றோரின் சாதிச் சான்றிதழைக் காத்து வைத்த குடும்பத்தில் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை எளிதாகிறது. சமவெளியிலும் இதே கதைதான். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு அனுப்பும் உழவர், பதிவுச் சீட்டையும் எடைச் சீட்டையும் வங்கிக் கணக்கேட்டையும் ஓரிடத்தில் வைத்திருந்தால், நிலுவை பற்றிய ஐயம் எழும்போது வாய்மொழியாக வாதிட வேண்டுவதில்லை.

வங்கிகளில் பத்தாண்டுகள் உரிமை கோரப்படாத வைப்புத் தொகைகள் தனி நிதிக்கு மாற்றப்படுகின்றன. இத்தகைய தொகைகளைத் தேடிக் காண்பதற்கென்றே ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. தந்தை வைத்த பணம் இருப்பதே மக்களுக்குத் தெரியாமற்போவதும் இந்நிலைக்கு ஒரு காரணம் அன்றோ?

எனவே ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆவணப் பெட்டி வேண்டும். நிலம், வீடு, கல்வி, உடல்நலம், வங்கி, அரசு அட்டைகள் என ஆறு உறைகள் அதனுள் இருக்கட்டும். உள்ளவற்றின் பட்டியலை மூடியின் உட்புறம் ஒட்டுக. மூலம் பெட்டியில், நகல் உறவினர் வீட்டில், படம் கைபேசியில் என மூன்றிடத்தில் காத்தல் நன்று. 2015இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கர் போன்ற அரசு ஏற்பாடுகள் இதற்கு உதவும். பெட்டியின் இருப்பிடம் கணவனுக்கு மட்டுமன்றி மனைவிக்கும், வயது வந்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிறர் பொருளும் கடனும்

நம் வீட்டில் இருப்பவை யாவும் நம்முடையவை அல்ல. இரவல் வாங்கிய நூல், அண்டை வீட்டுக் கிண்ணம், யாரோ நம்பிக் கொடுத்து வைத்த நகை, பள்ளிவாசலுக்காகத் திரட்டிய நன்கொடை ஆகியவை நம்மிடம் இருக்கும் அமானிதங்கள். குவியலுக்குள் மறைந்தபின் அவை மெல்ல மெல்ல நம்முடையவையாகத் தோன்றத் தொடங்கும். ஒழுங்கின்மை நேர்மையாளரையும் தவறிழைக்கச் செய்யும் வழி இதுவே.

கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்ட வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. பகைவர் கொல்லச் சூழ்ந்திருந்த இரவு அது. மக்கத்து மக்கள், பகைமை பாராட்டியவர் உட்பட, தங்கள் பொருள்களை அவர்களிடமே அடைக்கலமாக வைத்திருந்தனர். அவற்றை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு வருமாறு அலி (ரலி) அவர்களைப் பின்னே நிறுத்தினார்கள். அலி (ரலி) அவர்கள் மூன்று நாள் தங்கி அனைத்தையும் ஒப்படைத்துவிட்டே புறப்பட்டார்கள் என வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். எந்தப் பொருள் எவருடையது என்பது தெளிவாக இருந்தமையாலன்றோ அந்நெருக்கடியிலும் அது இயன்றது? ஒரே இரவில் நாம் ஊரை விட்டுப் புறப்பட நேர்ந்தால், நம் வீட்டிலுள்ள பிறர் பொருள்களை ஒருவரிடம் சொல்லி ஒப்படைக்க இயலுமா? இக்கேள்வியை ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

கடனும் அவ்வாறே. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சியோடு எழுதி வைத்தல் பற்றியது (2:282) என்பது வியப்புக்குரியது. கொடுத்தது, வாங்கியது, நாள், தவணை என நான்கு கட்டமிட்ட ஒரு குறிப்பேடு அவ்வறத்தைக் காக்கும். ஒருவர் மறைந்தபின் அடக்கச் செலவு, கடன், மரண சாசனம் ஆகியவை தீர்ந்த பிறகே வாரிசுப் பங்கீடு. கடன் விவரம் எழுதப்படாவிட்டால் உடன்பிறந்தார் உறவே உடைகிறது.

ஆண்டுதோறும் ஸகாத் கணக்கிடுவதும் இல்லத்தின் பெருங்கணக்கெடுப்பே. ஏறத்தாழ 85 முதல் 87.5 கிராம் தங்கத்தின் அளவை எட்டிய செல்வம் ஓராண்டு நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 விழுக்காடு, வறியோர்க்கு உரியது. விளைச்சலில் மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று. எண்ணாதவன் எவ்வாறு கணக்கிடுவான்? எது எங்கே என்று அறியாத வீட்டில் ஏழையின் பங்கும் குவியலுக்குள் புதைந்து கிடக்கும்.

செய்முறைகள்

நெறி அறிந்தோம், இனி வழி காண்போம். சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கென ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே உரியன என்பதும், வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்பதும் அவற்றுள் அடங்கும். ‘நூல்’ என்னும் இடத்தில் ‘பொருள்’ என்று வைத்தால் இல்லத்துக்கும் அவை பொருந்தும். ஜப்பானியத் தொழிற்சாலைகளும் தேவையற்றதை நீக்கல், இடம் வகுத்தல், தூய்மை, சீர்மை, விடாப் பயிற்சி என ஐந்து படிகளை வகுத்தன. இவற்றை நம் வீட்டுக்கு ஏற்பப் பின்வருமாறு அமைத்துக்கொள்ளலாம்.

1. சிறிதாகத் தொடங்குக. முழு வீட்டையும் ஒரே நாளில் புரட்டினால் மாலையில் படுக்கவும் இடம் இராது. ஓர் அலமாரித் தட்டு, ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். அன்றைக்கு அது போதும்.

2. நான்கு கூடைகள் வைக்க. வைப்பன, வழங்குவன, திருப்புவன, கழிப்பன என அவற்றுக்குப் பெயரிடுக. கையில் எடுத்த பொருள் ஏதேனும் ஒரு கூடையில் விழவேண்டும். திருப்பும் கூடையை முதலில் வெறுமையாக்குக. அதிலுள்ளவை பிறர் பொருள்.

3. இடத்தைப் பயன்பாட்டால் வகுக்க. நாள்தோறும் எடுப்பது கைக்கெட்டும் உயரத்தில். வாரம் ஒரு முறை எடுப்பது கீழ்த்தட்டில். பெருநாளுக்கும் விருந்துக்கும் உரியது பரணில். பிரியாணி அண்டா அடுப்படியில் நிற்க வேண்டுவதில்லை. அஞ்சறைப் பெட்டி பரணில் இருக்கலாகாது. அஞ்சறைப் பெட்டியே ஒழுங்கின் சிறந்த மாதிரி: ஐந்து பொருள், ஐந்து அறை, ஒரு மூடி.

4. பழையது முன்னே, புதியது பின்னே. பருப்பையும் மாவையும் நிரப்பும்போது பழையதைத் தீர்த்து, கலத்தைக் கழுவிக் காயவைத்தபின் புதியதை இடுக. தொம்பை சொன்ன பாடம் இது.

5. உடைகளைப் பருவந்தோறும் நோக்குக. ஓராண்டாக உடுத்தாத நல்லுடை வேறொருவருக்கு உரியது. அரசனுக்கும் எளியவனுக்கும் உடுக்கத் தேவைப்படுபவை இரண்டே, செல்வத்தின் பயன் ஈகையே என்னும் கருத்தைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருத்தலை மாணவர் அறிவர். ஈயும்போது கிழிந்ததைத் தேர்ந்தெடுத்துத் தருவது ஈகையாகாது. நமக்கு ஒருவர் தந்தால் மகிழ்ந்து ஏற்போமோ அதையே தருக.

6. மருந்துகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்க. நாள் கடந்தவற்றைப் பிரித்து நீக்குக. முதியோர் நாள்தோறும் உண்பவற்றைத் தனிப் பெட்டியில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க.

7. கழித்தல் எரித்தலன்று. போகி நாளில் டயரும் நெகிழியும் எரித்த புகையால் துன்புறுவோர் குழந்தைகளும் முதியோருமே. தாளும் இரும்பும் பழைய பொருள் வாங்குவோரிடம் செல்லட்டும். மக்குவது எருக்குழிக்குச் செல்லட்டும். மின்கலமும் பழைய கைபேசியும் தனியே சேர்ந்து மின்கழிவு பெறுவோரிடம் செல்லட்டும். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் தடை விதித்தது. கடைக்குத் துணிப்பை கொண்டு செல்வோர் வீட்டில் பைக் குவியல் தோன்றாது.

8. வருமுன் காக்க. ஒரு பொருள் வீட்டுக்குள் வருமுன் அதன் இடம் எது என்று கேட்க. இடமில்லாத பொருளுக்கு விலை குறைவு என்பது காரணமாகாது.

9. கைபேசியையும் ஒழிக்க. ஒரே வாழ்த்துப் படம் நூறு முறை சேர்ந்த வாட்ஸ்அப் குவியலுக்குள் மகனின் மதிப்பெண் பட்டியல் புதைந்து கிடக்கலாம். வெள்ளிக்கிழமைதோறும் சிறிது நேரம் இதற்கு ஒதுக்குக.

நாளின் ஒழுங்கு

இடத்துக்கு அறை உள்ளதுபோல் காலத்துக்கும் அறை உண்டு. ஐவேளைத் தொழுகை ஒரு நாளை இயல்பாகவே பகுத்துத் தருகிறது. வைகறைக்குப் பின் படிப்பு. நண்பகல் வரை தொழில். மாலைத் தொழுகைக்கு முன் வெளிவேலை. அந்திக்குப் பின் குடும்பம். இரவுத் தொழுகைக்குப் பின் நாளைக்கு உரிய ஆயத்தம் என வகுத்துக்கொள்ளலாம். பிற சமயத்து அன்பர் தத்தம் வழிபாட்டு வேளைகளையோ உணவு வேளைகளையோ இவ்வாறு எல்லைக்கற்களாக நடலாம்.

உறங்கச் செல்லுமுன் மூன்று செயல்கள் போதும். நாளை உடுக்கும் உடையையும் எடுத்துச்செல்லும் பையையும் ஓரிடத்தில் வைத்தல். அடுப்படி மேடையைத் துடைத்தல். நாளைய பணிகளுள் தலையாய மூன்றை எழுதுதல். இவற்றுக்குக் கால் மணி நேரம் ஆகும். காலையில் ஒரு மணி நேரப் பரபரப்பு நீங்கும்.

சில எச்சரிக்கைகள்

ஒழுங்குசெய்யும் ஆர்வத்தில் ஓர் அறத்தைக் காக்கப் போய் மற்றோர் அறத்தை இழத்தல் ஆகாது. முதியோரின் பொருளை அவர் ஒப்புதலின்றி அகற்றலாகாது. நமக்குத் துருப்பிடித்த வெற்றிலைப் பெட்டி. பாட்டிக்கு அது அறுபதாண்டு இல்வாழ்க்கை. அவரருகில் அமர்ந்து ஒவ்வொன்றின் கதையையும் கேட்டு எழுதுவோமாயின் பொருள் ஒரு நாள் போனாலும் வரலாறு நிற்கும்.

பழைய நூலையும் ஏட்டையும் அறிந்தோரிடம் காட்டாமல் கழிக்கலாகாது. ஏட்டுச்சுவடிகள் ஆற்றில் விடப்பட்டதையும் தீயில் இடப்பட்டதையும் உ.வே.சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் வருந்தி எழுதியுள்ளார். வீட்டைத் தூய்மை செய்தோர் அறியாமல் செய்த பிழைகளால் தமிழ் இழந்தவை எத்தனையோ! முஸ்லிம் இல்லங்களின் பரண்களில் அறபுத் தமிழ் எழுத்தில் அமைந்த பழைய நூல்கள் இன்றும் கிடைக்கக்கூடும். அத்தகையவற்றைக் கண்டால் கல்லூரித் தமிழ்த்துறையிடமோ ஆய்வு நூலகத்திடமோ காட்டுக.

இப்பணி முழுவதையும் வீட்டுப் பெண்கள் தலையில் சுமத்துவதும் ஆகாது. இல்லத்திலிருக்கும்போது தம் குடும்பத்தாரின் பணிகளில் உதவியாக இருந்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். தான் கழற்றிய சட்டையைத் தானே உரிய இடத்தில் இடும் மகனே ஒழுங்கின் முதற்பாடம் கற்றவன்.

முடிவாக

கள்ளக்குறிச்சிப் பகுதி மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்றது. 2021இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பி மரத்தில் எதையும் சேர்ப்பதில்லை, வேண்டாததை நீக்குகிறார். நீக்க நீக்க உருவம் தெளிகிறது. ஆனால் எங்கே நிறுத்துவது என்பதை அறிந்தே உளியைப் பிடிக்கிறார். இல்லத்தை ஒழிப்பதும் அத்தகைய கலையே.

இம்மாவட்டத்துத் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, தான் பெற்ற செல்வமெல்லாம் பிறர்க்கு உரியதாக விட்டு வாழ்ந்தவன் என்று கபிலர் பாடினார். அவன் அரண்மனையில் எத்தனை பொருள் இருந்தன என்று இன்று எவரும் அறியார். எவ்வளவு சென்றது என்பதே நிலைத்து நிற்கிறது. நம் வீடுகளின் சிறப்பும் உள்ளே தங்கியதால் அளக்கப்படுவதன்று. உரியவர் கைக்குச் சென்றதால் அளக்கப்படுவது.

ஆகவே மாணவச் செல்வங்களே, பெரியோர்களே! இன்று மாலை ஒரு நாழிகை ஒதுக்குவோம். ஓர் அலமாரித் தட்டைத் திறப்போம். முதலில் பிறர் பொருளைத் தேடுவோம். அதை நாளையே திருப்புவோம். இடம் ஒழியும், கை ஒழியும், உள்ளம் தெளியும். கொடுத்தவற்றைக் காக்கும் அறிவையும், உரியவரிடம் சேர்க்கும் நேர்மையையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!